டீக்கடையில் ஜெயித்த அமெரிக்கா மில்

பந்தாட்டத்தைப் பற்றி ஒரு பெண்பிள்ளை எழுத வந்ததைப் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் எட்டாவது வரை படித்தவள். பந்தைத் தொட்டதே இல்லை. துவைக்கப் போட்ட பனியனில் ஒட்டியிருக்கும் செம்மண்தான் எனக்குத் தெரிந்த பந்தாட்டம். நாலு பேர் நிற்கிற இடத்தில் எனக்கு வாய் வராது. நாற்பதைத் தாண்டிய பிறகும் வரவில்லை. எழுதும்போது யாரும் குறுக்கே பேச முடியாது என்கிற தைரியத்தில் எழுதுகிறேன். பிழை இருந்தால் தள்ளிவிட்டுப் படிக்கவும்.

சொல்லப்போவது அமெரிக்காவில் சம்பளத்துக்குப் பந்து ஆடியவர்களைப் பற்றி. சரியாகச் சொன்னால், அவர்கள் ஜெயித்ததையும் தோற்றதையும் பற்றி எங்கள் ஊர் ஆண்கள் சொன்ன அபிப்பிராயங்களைப் பற்றி. இன்றைக்கும் யாராவது தொண்டையைச் செருமிக்கொண்டு, ‘என் அபிப்பிராயம் என்னன்னா’ என்று ஆரம்பித்தால் நான் எழுந்து உள்ளே போய்விடுவேன்.

அப்போது நாங்கள் பசுமலையில், திருப்பரங்குன்றம் போகிற ரோட்டை ஒட்டி ஒரு ஓட்டு வீட்டில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் விளாங்குடி பக்கத்துச் சம்சாரிக் குடும்பம். இருந்த நிலம் அண்ணன்மார்களுக்கே போதாமல் மில் வேலைக்கு வந்தவர். அவரைப் போட்டது பஞ்சு ரூமில். மூட்டையை உடைத்து, பஞ்சை உதறி, மெஷின் வாயில் போடுகிற இடம் அது. ஜன்னல் திறக்கக் கூடாது, காற்றில் பஞ்சு பறந்துவிடும். அங்கே வேலை பார்க்கிறவர்களுக்குப் புருவம் வெளுத்திருக்கும். உள்ளே நெஞ்சும் அப்படித்தான் ஆகும் போலிருக்கிறது. வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தால் முதலில் இருமல், பிறகுதான் சோறு. இருமித் துப்பினால் நூல் நூலாக வரும். அதை எல்லாம் அலசி ஊற்றியவள் நான்.

அந்த இருமலிலிருந்து அவரைக் காப்பாற்றியது பந்துதான். ஆள் உயரம், கை அகலம். மில் டீமுக்குக் கோல் காக்க ஆள் தேடியபோது யாரோ இவரைக் காட்டினார்கள். அந்தக் காலத்தில் மில்லில் ஒரு வழக்கம் இருந்தது. டீமில் ஆடுகிறவர்களுக்குக் காற்றோட்டமான வேலை கொடுப்பார்கள். இவரை வெளி கேட்டுக்குப் போட்டார்கள். வேப்பமரத்தடியில் நின்று லாரியையும் வண்டியையும் உள்ளே விடுகிற வேலை. இரண்டு மாதத்தில் இருமல் நின்றது. ஒரு மாலை சாப்பிடும்போது தானாகச் சிரித்துக்கொண்டு, “ஏ புள்ள, இம்புட்டு ருசியாவா சமைச்சுக்கிட்டு இருந்த நீ?” என்று கேட்டார். அதுவரை வாயில் ருசி தெரியாமல் இருந்திருக்கிறது.

டீமில் ஆடுகிற வரை கேட் வேலை, உட்கார வைத்துவிட்டால் பழையபடி பஞ்சு ரூம். இதைத் தெரிந்துகொண்டுதான் மேலே படிக்க வேண்டும். அபிப்பிராயம் சொன்ன அத்தனை பேருக்கும் இது தெரியும்.

நான் பக்கத்தில் ஒரு அமெரிக்கத் துரைசானி வீட்டில் தையல் வேலையும் மேல்வேலையும் பார்த்தேன். அந்த அம்மாளுக்கு ஊரிலிருந்து கப்பலில் செய்தித்தாள் வரும். வாராவாரம் வராது, மாதக்கணக்கில் சேர்ந்து ஒரு பொட்டலமாக வரும். அதைப் படித்து முடித்து நாற்காலிக்குப் பக்கத்தில் அடுக்கிவைப்பார். அலமாரிக்கு விரிக்கப் போக மிச்சத்தை என்னிடம் கொடுத்துவிடுவார். என் வீட்டுக்காரர் அதில் பந்தாட்டப் படம் இருப்பதைப் பார்த்து, எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டி இருந்த பாய் டீக்கடைக்குக் கொண்டுபோனார். அன்றிலிருந்து பிடித்தது சனியன்.

டீக்கடையில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவர் ஒருவர்தான். மில்லில் ரைட்டர் வேலை பார்த்தவர்; மில் டீமுக்குச் செக்ரட்டரியும் அவரே. யார் ஆடுவது, யார் உட்காருவது என்று மில் துரையிடம் எழுதிக் கொடுப்பவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுக்கின் மேலே இருக்கிற தாளை எடுத்துப் பந்தாட்டப் பக்கத்தைப் பிரித்து வாசித்துத் தமிழில் சொல்வார். வாரம் ஒரு தாள். வாசித்ததும் பாய் அதைக் கடையின் பலகைச் சுவரில் பசை தடவி ஒட்டிவிடுவார். அடுத்த வாரம் அதற்கு அடுத்த தாள். அது எந்த மாதம் அச்சானது என்று யாரும் பார்க்கவில்லை. எல்லாம் பழசுதானே, பழசில் என்ன தேதி. ரைட்டர் வாசித்த நாள்தான் அந்த மேட்ச் நடந்த நாள் என்று ஆகிவிட்டது.

முதல் தாளில் ஒரு படம். பந்துத் திடல், அதற்குப் பின்னால் ஒரு மில் புகைபோக்கி. நூல் மில் ஊராம். மில்லில் வேலை என்று பெயர், ஆடுவதற்குச் சம்பளமாம். கடையில் இருந்தவர்களுக்கு உடனே சொந்தம் பிறந்துவிட்டது. ‘அமெரிக்கா மில்’ என்று பேரும் வைத்துவிட்டார்கள்.

“என்னண்ணே, நம்ம மில்லு ஜெயிச்சுச்சா?”

“எங்கிட்டு ஜெயிக்க? அஞ்சு கோல் வாங்கிருக்கான். இரும்பு ஆலைக்காரய்ங்க போட்டுப் பொளந்துட்டாய்ங்க.”

“அஞ்சா! கோலி யாரு?”

“இந்தா நிக்கிறான் பாரு, நெட்டையன்.”

அவ்வளவுதான். படத்தில் நெட்டையாக நின்ற ஒரு மனிதனை, ஏழு கடலுக்கு அப்பால் இருக்கிறவனை, வடையை மென்றுகொண்டே பிய்த்து எடுத்தார்கள். நெட்டையனுக்குக் குனிய வராது. நெட்டையன் சோம்பேறி, முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. நெட்டையன் பெண்டாட்டி சரியில்லை. இதைச் சொன்னது பக்கத்துத் தெரு மாட்டுத் தரகர். அவர் பெண்டாட்டி பிறந்த வீட்டுக்குப் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. பேசி முடித்து வெற்றிலையைச் சுவருக்கு இந்தப் பக்கம் துப்புவார்கள். இந்தப் பக்கம் என் துணி துவைக்கிற கல். திங்கட்கிழமை காலையில் எழுந்தால் என் முதல் வேலை அந்தச் சிவப்பைத் தேய்ப்பது. எந்த மேட்சைப் பற்றி எவ்வளவு பேசினார்கள் என்பதைக் கல்லைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

அடுத்த ஞாயிறு தாளிலும் அமெரிக்கா மில் தோற்றிருந்தது. மறுபடியும் நெட்டையன். கல் பாழாகிவிட்டது.

அந்த வாரம்தான் எங்கள் மில்லும் தோற்றது. ஆட்டம் நடந்த பொட்டலில் முதல் நாள் பெய்த மழைத்தண்ணீர் நின்றது. ரயில்வே ஆட்கள் அடித்த இரண்டு பந்தும் சேற்றில் விழுந்து திசை மாறி உள்ளே போய்விட்டன. என் வீட்டுக்காரர் முழங்காலெல்லாம் தோல் உரிந்து வந்தார். இன்னும் ஒரு மேட்ச் இருந்தது. அதில் ஜெயித்தால் கோப்பைக்கு ஆடலாம்.

அடுத்த ஞாயிறு மூன்றாவது தாள். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் பெரிய கூச்சல்.

“தூக்கிட்டாய்ங்கப்பா நெட்டையனை!”

“நெசமாவாண்ணே?”

“இந்தா, தொப்பி போட்டவன் ஒருத்தன் நிக்கிறான் பாரு கோல்ல. மூணுக்கு ஒண்ணு. நம்ம மில்லு ஜெயிச்சிருச்சு.”

“அப்படிப் போடு! பாய், எல்லாருக்கும் டீ ஊத்துங்க. காசு மாப்ள குடுப்பாரு.”

“எந்த மாப்ள?”

“நெட்டையன்தேன்!”

கடையே சிரித்தது. என் வீட்டுக்காரரும் அங்கே இருந்தார். அவர் சிரிப்பும் கேட்டது. அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

நாலாவது தாளிலும் தொப்பிக்காரன். ஒரு கோலும் வாங்காமல் ஜெயித்திருந்தான். ரைட்டர் தாளை மடித்துத் தொடையில் வைத்துக்கொண்டு நிதானமாகப் பேசினார். அந்தக் குரல் எனக்கு மறக்காது.

“என் அபிப்பிராயம் என்னன்னா, வெள்ளைக்காரன் வெள்ளைக்காரன்தேன். தாட்சண்யம் பாக்க மாட்டான். கோலி சரியில்லையா, மாத்து. மாத்துனான், ஜெயிச்சான். நாம என்ன பண்றோம்? பாவம் புண்ணியம்னு பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோம்.”

“அதுக்கு நம்ம கிட்ட தொப்பிக்காரன் வேணுமே அண்ணே.”

“ஏன், என் மச்சினன் இல்லையா?”

ரைட்டரின் மச்சினன் ஒரு வருஷமாக உதிரி ஆளாக டீமில் உட்கார்ந்திருந்தவன். அவனுக்கு நூல் சுற்றுகிற பக்கம் வேலை. கேட் மேல் கண். இது கடையில் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் அதைச் சொல்லவில்லை. “அதுவும் சரிதேன்” என்றார்கள். நேற்று வரை என் வீட்டுக்காரர் கையைப் பிடித்து, இந்தக் கை இருக்கும் வரை நமக்குப் பயமில்லை என்று சொன்னவர்கள் அவர்கள். இன்னும் ஆறாத அவர் முழங்கால் புண்ணில் ஈ உட்கார்ந்துகொண்டிருந்தபோது, அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, “அதுவும் சரிதேன்.”

வீட்டுக்கு வந்து, “அமெரிக்காவுல அப்படித்தான் செஞ்சிருக்காய்ங்க” என்று அவரே எனக்குச் சமாதானம் சொன்னார்.

அந்த வார நடுவில் துரைசானி என்னைக் கூப்பிட்டார். தங்கை குழந்தைக்குக் கம்பளிச் சட்டை பின்னிக்கொண்டிருந்தார். அதற்கான பின்னல் கணக்கு ஒரு தாளில் வந்திருந்ததாம்.

“அது எல்லாவற்றிலும் பழைய தாள். அடுக்கின் அடியில் இருந்தது. அதை எனக்குத் திரும்பக் கொண்டுவர முடியுமா?” என்றார். அவருடைய தமிழ், புத்தகத்தில் படித்த தமிழ்.

“அடியில இருந்ததாம்மா பழசு?”

“ஆம். நான் பழையதை முதலில் படித்துக் கீழே வைப்பேன். புதியதை அதன்மேல் வைப்பேன். ஏன் கேட்கிறாய்?”

பந்தாட்டம் வந்த தாளுக்காகக் கேட்டதாகச் சொன்னேன். அவர் முகத்தைச் சுளித்தார். “ஞாயிற்றுக்கிழமைகளில் கூட ஆடுகிறார்கள். பிழைக்க வந்த வேறு தேசத்தார் ஆடுவது. எங்கள் ஊரில் நல்ல குடும்பத்தார் அதைத் திரும்பியும் பார்க்க மாட்டார்கள்.”

ஆக, அந்த ஊரிலேயே யாரும் திரும்பிப் பார்க்காத ஆட்டத்துக்குத்தான் என் துவைக்கிற கல் சிவந்துகொண்டிருந்தது.

கூட்டம் இல்லாத நேரம் பார்த்து டீக்கடைக்குப் போனேன். அந்தக் கடைக்குள் நான் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. பாய் பதறி எழுந்தார். “என்ன தங்கச்சி, சொல்லி விட்டிருந்தா நானே வந்திருப்பேனே” என்றார். கம்பளிச் சட்டைத் தாள் கடைசியாக ஒட்டிய தாள், தொப்பிக்காரன் ஒரு கோலும் வாங்காமல் ஜெயித்த தாள். அதைக் கிழியாமல் தண்ணீர் தொட்டு உரித்துக் கொடுத்தார். மேலே ஓரத்தில் மாதம் போட்டிருந்தது; அந்த அளவுக்கு இங்கிலீஷ் எழுத்து எனக்கும் தெரியும். சுவரில் மற்றதையும் பார்த்தேன். அம்மாள் சொன்னதுதான். கடைசியில் ஒட்டியது முதலில் வந்தது. முதலில் ஒட்டியது கடைசியில் வந்தது. தொப்பிக்காரன் இருந்தவரை அமெரிக்கா மில் ஜெயித்திருக்கிறது. அவனை எடுத்துவிட்டு நெட்டையனை நிறுத்தியிருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் தோல்வி, அதற்குப் பிறகுதான் அஞ்சு கோல்.

பாயிடம் சொன்னேன். அவர் சுவரைத் தலைகீழாகப் பார்க்கிறவர் மாதிரி கழுத்தைச் சாய்த்துப் பார்த்தார். “யா அல்லா! அப்ப நாம ஒரு மாசமா பின்னாடியே நடந்துக்கிட்டு இருக்கோமா?” என்றார்.

ஓடி வந்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் முகம் தெளிந்தது. கிணற்றடியில் முகம் கழுவி, தலை சீவிக்கொண்டார். “இதைச் சொன்னாப் போதும் புள்ள. ரைட்டரு படிச்ச மனுசன், புரிஞ்சுக்குவாரு” என்றார். எனக்கும் நம்பிக்கை இருந்தது. அன்று சாயங்காலம் சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றேன்.

அவர் மெதுவாகச் சொன்னார். தாளின் மாதங்களைச் சொன்னார். பாய் ஒத்தாசைக்கு, “ஆமா அண்ணே, நானும் பாத்தேன். மாத்துன பெறகுதேன் தோத்துருக்காய்ங்க” என்றார்.

ரைட்டர் சிரித்தார்.

“அட, நீ என்னப்பா அமெரிக்காக்காரனைப் புடிச்சுத் தொங்குற? அது குளிர் தேசம். அங்க கோலிக்கு நின்ன இடத்துலேயே கை வெறைச்சுப் போகும். அதை வச்சு நம்ம டீமுக்கு முடிவு பண்ண முடியுமா?”

“நீங்கதேனே அண்ணே சொன்னீங்க, மாத்துனான் ஜெயிச்சான்னு.”

“சொன்னேன். இப்பவும் மாத்தணும்னுதேன் சொல்றேன். அது வேற, இது வேற.”

“ஆமாமா, அது வேற தேசம்” என்றார் மாட்டுத் தரகர்.

“சம்பளத்துக்கு ஆடுறவன், அவன் ஆட்டத்தை நம்பலாமா?” என்றார் இன்னொருவர்.

“பாய், நீங்க டீயைப் பாருங்க.”

பாய் டீயைப் பார்த்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கும் கடை ஓட வேண்டும். ஆனால் மற்றவர்களை எப்படிச் சொல்வது? ஒரு மாதம் அமெரிக்கா அமெரிக்கா என்று குதித்தவர்கள், அமெரிக்கா கைவிட்டதும் ஒரு வாய் டீ குடிக்கிற நேரத்தில் அதை எச்சில் மாதிரித் துப்பிவிட்டார்கள். துப்பினாலும் அபிப்பிராயம் இருந்த இடத்திலேயே இருந்தது. தாள் வருவதற்கு முன்னால் அது இருந்தது. தாள் போன பிறகும் இருந்தது. நடுவில் ஒரு சாக்குக்கு நெட்டையனும் தொப்பிக்காரனும் வந்து போனார்கள். அந்த இரண்டு பேரை நினைத்துக்கூட எனக்குப் பாவமாக இருந்தது. அவர்களுக்கும் அங்கே ஒரு டீக்கடை இருந்திருக்கும், ஒரு ரைட்டர் இருந்திருப்பார்.

என் வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்தார். சீவிய தலை கலையாமல் இருந்தது. தட்டை எடுத்து வைத்துச் சோறு போட்டேன். சுவர் எவ்வளவு மெல்லிசு என்று இருவருக்கும் தெரியும்.

மேட்ச் ஞாயிற்றுக்கிழமை நடந்தது. ரைட்டர் மச்சினன் கோலில் நின்றான். இவரை வெளியே உட்கார வைத்து, ஆடுகிறவர்களுக்கு எலுமிச்சம்பழம் அறுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் எதிரி டீமில் நாலு பேருக்குக் காய்ச்சலாம். ஆள் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்களாம். எங்கள் மில் ஆட்கள் அந்தப் பக்கத்துக் கோலிலேயே கிடந்திருக்கிறார்கள். மச்சினன் பக்கம் பந்து வரவே இல்லை. கம்பத்தில் சாய்ந்து நின்று, தெரிந்தவர்களிடம் நெருப்பு வாங்கி பீடி பற்ற வைத்ததாகப் பாய் பிறகு சொன்னார். மேட்ச் முடிந்தபோது ஒரு கோலில் மில் ஜெயித்திருந்தது. அந்தக் கோலை அடித்தவனை யாரும் தூக்கவில்லை. மச்சினனைத்தான் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எங்கள் வாசல் வழியாக.

“தொப்பிக்காரன் வாராண்டா, வழி விடு!”

“என்ன அண்ணே, சொன்னமா இல்லையா? கோலியை மாத்துனா ஜெயிக்கும்னு!”

“என் அபிப்பிராயம் அன்னைக்கும் இதுதேன், இன்னைக்கும் இதுதேன்.”

நெட்டையன் மேல் ஆணையாகச் சொல்கிறேன், தொப்பிக்காரன் என்ற பேரை மறுபடியும் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். அமெரிக்கா மறுபடியும் சரியாகிவிட்டது. அப்போது நான் வாசலில் தண்ணீர்க் குடத்தோடு நின்றேன். அந்தக் குடத்தை அந்தக் கும்பலின் தலையில் கவிழ்த்திருந்தால் எப்படி இருக்கும் என்று இன்றைக்கும் சில நாள் நினைத்துப் பார்ப்பேன். உள்ளே கொண்டுபோய் அடுப்படியில் இறக்கி வைத்தேன்.

கும்பல் டீக்கடைக்குள் போனது. நெடுநேரம் பேசினார்கள். மேட்சில் பந்தே வராதவனின் பாய்ச்சலையும், கண் கூர்மையையும், கை வலுவையும் பற்றி ஆளுக்கொரு அபிப்பிராயம். அபிப்பிராயத்துக்கு ஒரு வெற்றிலை. என் கல்லின் மேல் சொத் சொத்தென்று விழுந்துகொண்டே இருந்தது.

அவர் எலுமிச்சம்பழ வாசனையோடு வந்தார். வாசலில் நின்றே கேட்டார்.

“ஏ புள்ள, என் பழைய சட்டை எங்க? அந்தப் பஞ்சு ரூம் சட்டை.”

அதை நான் அடுப்புத் துடைக்க எடுத்திருந்தேன். நல்ல தண்ணீரில் அலசி, கிழிசல் இல்லாத பக்கத்தைப் பார்த்து மடித்துக் கொடியில் போட்டேன். துவைக்கிற கல்லில் வைத்து அலசவில்லை. அந்தக் கல் கிடந்த லட்சணத்தில் அதன் மேல் எதையும் வைக்க முடியாது.

மறுநாள் திங்கட்கிழமை. மில் சங்கு ஊதியதும் அவர் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு பஞ்சு ரூமுக்குப் போனார். நான் கல்லைத் தேய்த்துவிட்டுத் துரைசானி வீட்டுக்கு வேலைக்குப் போனேன். கப்பலில் புதுப் பொட்டலம் வந்திருந்தது.